ஓனர் நம்பர்

தொடைக்கடியில் போன் உறுமியது. மோகனப்பிரியா அசையவில்லை. அசைந்தால் பக்கத்து நாற்காலியில் இருக்கிற ரோஸ்லின் அக்கா திரும்பிப் பார்ப்பார், பார்த்தால் யாரென்று கேட்பார், கேட்டால் என்ன சொல்வது, ஒரு மோட்டார் கூப்பிடுகிறது என்றா சொல்வது. எதிர்ச் சுவரில், அவளோடு இன்டர்னாக வந்த அஸ்வத்தின் ஸ்லைடு. அந்தச் சுவரில் யாரோ எந்தக் காலத்திலோ காலண்டர் மாட்ட அடித்த ஆணி ஒன்று பிடுங்காமல் இருக்கிறது, எந்தப் படம் போட்டாலும் நடுவில் அது நிற்கும், அஸ்வத் இப்போது காட்டுகிற கிராஃபிலும் கோடு ஏறுகிற இடத்தில் சரியாக அது நின்றது. கம்பெனி என்று பெயர்தான். சரவணம்பட்டியில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு வாடகை வீடு. ஹாலில் சால்டரிங், சமையலறையில் பேக்கிங், யாரோ படுத்துத் தூங்கின அறையில் மீட்டிங். இன்டர்ன்ஷிப் எங்கே என்று காலேஜில் கேட்டபோது இந்த முகவரியைச் சொல்ல அவளுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. வந்த கொஞ்ச நாளில் அந்தக் கூச்சம் போய்விட்டது. கூடப் படிக்கிறவர்கள் கண்ணாடிக் கட்டடங்களில் போய் உட்கார்ந்து நாள் முழுக்க வீடியோ பார்த்துவிட்டு, ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டிப் போட்டோ எடுத்துப் போடுகிறார்கள், இங்கே இவள் கையில் சால்டரிங் அயர்னைக் கொடுத்துவிட்டார்கள். சுட்ட விரல் இன்னும் வழவழவென்று இருக்கிறது. ஆள்காட்டி விரல். கட்டை விரல் இல்லை, நல்லவேளை, கட்டை விரல்தான் இப்போது வேண்டும். போனை மெல்ல இழுத்துத் துப்பட்டாவுக்குள் வைத்துப் பார்த்தாள். மோட்டார் ஓடுகிறது. அவ்வளவுதான் செய்தி. எங்கே ஓடுகிறது, யார் தோட்டம், என்ன வெள்ளாமை, ஒன்றும் கிடையாது. ஓடட்டும். ஓடுகிறவரைக்கும் நல்லது. அடுத்த செய்தி வராமல் இருந்தால் சரி.

இதில் அழகாகச் சொல்ல ஒன்றும் இல்லை, அவள் தப்புப் பண்ணிவிட்டாள். கம்பெனி முதலாளி சென்னியப்பன் சார் விற்பது ஒரு பெட்டி. தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டால் போதும், உள்ளே ஒரு சிம் இருக்கும், விவசாயி வீட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டே அதற்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும், இன்னொன்று கொடுத்தால் நிற்கும். கரண்ட் வந்தால், போனால், கிணற்றில் தண்ணீர் தீர்ந்தால் பெட்டி ஓனருக்குச் செய்தி அனுப்பும், அதுவும் தமிழில், அதில் சாருக்கு அப்படி ஒரு பெருமை. தண்ணீர் தீர்ந்தும் மோட்டார் ஓடினால் பெட்டியே அதை நிறுத்திவிடும், அது இந்தக் கோடையில் அஸ்வத் எழுதிய புரோகிராம். முதல் மிஸ்டு கால் கொடுக்கிறவர்தான் பெட்டிக்கு ஓனர். பின்னால் வருகிறவர்கள் போடலாம், நிறுத்தலாம், செய்தி மட்டும் அவர்களுக்குப் போகாது. இதெல்லாம் வெளியே போகிற பெட்டியில் ஏற்றுகிற ஃபைலில். உள்ளே டெஸ்டுக்கென்று வேறு ஃபைல். ஒவ்வொரு பெட்டிக்கும் மிஸ்டு கால் கொடுத்துக்கொண்டிருந்தால் விடிந்த மாதிரிதான் என்று அதில் ஓனர் நம்பராகத் தன் நம்பரையே எழுதி வைத்தவள் மோகனப்பிரியா. அஸ்வத்தின் புரோகிராமைத் தூங்கப் போட்டவளும் அவளே. டெஸ்ட் மேசையில் ஏது தண்ணீர், ஒரு குட்டி மோட்டார் காற்றில் சுற்றும், அதைப் பார்த்ததும் அவனுடைய புரோகிராம் தண்ணீர் இல்லை என்று கழுத்தைப் பிடித்துவிடும், வேலை நடக்காது. அதனால் செய்தி வரட்டும், நிறுத்த வேண்டாம் என்று மாற்றி வைத்திருந்தாள். புத்திசாலித்தனமாகத்தான் இருந்தது அப்போது. வழக்கமாக ஃபைல் ஏற்றுகிற ரோஸ்லின் அக்கா பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு போட்ட அன்று, வாசலில் பார்சல் வண்டி நிற்க, நீயே எல்லாப் பெட்டியிலும் ஏத்தி அனுப்பிரும்மா, உனக்குத் தெரியாததா என்று சார் சொல்லிவிட்டுப் போனார். உனக்குத் தெரியாததா. அந்தச் சொல்லில் அவள் தரையில் நிற்கவில்லை. கம்ப்யூட்டரில் ஃபைனல் என்று ஒரு ஃபைல், ஃபைனல் நியூ என்று ஒன்று, ஃபைனல் லாஸ்ட் என்று ஒன்று, இந்தக் கம்பெனியில் எதையும் யாரும் அழிப்பதில்லை, அவரவருக்கு அவரவர் ஃபைல்தான் ஃபைனல். தினமும் தொட்டுப் பழகினதைத்தான் கை தொடும். தொட்டது. ஏற்றினாள், ஓட்டிப் பார்த்தாள், எல்லாப் பெட்டியும் பாஸ். டெஸ்ட் ஃபைல் டெஸ்டில் பாஸாகாமல் வேறென்ன செய்யும். ஓகே ஸ்டிக்கரை ஒட்டி, வண்டி கிளம்பினதும் கை காட்டிவிட்டு வேறு வந்தாள். கை காட்டினாள். அதை நினைத்தால்தான் இப்போது காதெல்லாம் சுடுகிறது.

அஸ்வத் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த ஸ்லைடுக்குப் போனான். அவனுக்கு மேடை பயம், ஒவ்வொரு வரியும் "ஆக்சுவலா" என்றுதான் தொடங்கும், ஆக்சுவலா மோட்டார் தண்ணி இல்லாம ஓடினா ஆம்ப்ஸ் குறையும் சார். சாருக்குத் தெரியாததா. அவனைப் பிடிக்காது என்று சொல்ல முடியாது. பிடிக்கும். அதுதான் எரிச்சல். மத்தியானம் தன் டப்பாவிலிருந்து அரைக் கத்திரிக்காயையாவது இவள் மூடியில் வைப்பான், கேட்காமல் வைப்பான், சால்டரிங் சுட்ட அன்று பேஸ்ட் வாங்கி வர வெயிலில் ஓடினான், பல் தேய்க்கிற பேஸ்டைத்தான் வாங்கி வந்தான், அது வேறு கதை. வந்த முதல் நாளே சார் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டார், படிப்பு முடிஞ்சதும் ஒருத்தருக்கு இங்க இடம் இருக்கு, ஒருத்தருக்குத்தான், கடைசி நாள் சொல்றேன். இன்றைக்குக் கடைசி நாள். அஸ்வத் முடித்தால் இவள் முறை, அப்புறம் சார் சொல்வார். இவளுக்குத்தான் என்று ரோஸ்லின் அக்கா ஏற்கெனவே ஜாடையாகச் சொல்லியாகிவிட்டது. நேற்றுக் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது முதல் செய்தி வந்தது. மேசையில் எதையோ அணைக்காமல் வந்துவிட்டோம் என்று நினைத்தாள். வாய் கொப்பளிப்பதற்குள் இன்னொரு நம்பரிலிருந்து, அப்புறம் இன்னொன்று, ஹாஸ்டல் வாஷ்பேசின் முன்னால் வாய் நிறைய நுரையோடு நின்றபடியே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அப்போதே ரோஸ்லின் அக்காவுக்குப் போன் போட்டிருக்கலாம். போட்டிருக்கலாம், போட்டிருக்கலாம், இதையே எத்தனை தடவை. ஆபீஸ் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று வந்தாள், வந்தால் சார் டீ கொடுத்தார், டீ குடிக்கும்போது எப்படிச் சொல்வது, குடித்து முடித்ததும் சார் வெளியே போய்விட்டார், வெளியே போன மனிதரைக் கூப்பிட்டுச் சொல்கிற விஷயமா இது. இப்படியே போனது நேற்று முழுக்க. பேக்கிங்கில் கேட்டால் எந்தப் பெட்டி யாருக்குப் போனது என்று தெரியும், கேட்டால் எதுக்கு என்பார்கள். அவளிடம் இருப்பது பெட்டிக்குள் இருக்கிற சிம் நம்பர்கள்தான், மனிதர்கள் நம்பர் ஒன்றுகூட இல்லை. ஓனர் போனிலிருந்து செய்தியாக ஒரு சைபர் அனுப்பினால் மோட்டார் நின்றுவிடும், அதை மட்டும் செய்ய முடிந்தது. தண்ணீர் இல்லை என்று வந்ததும் ஒரு சைபர். பஸ்ஸில், கிளாஸ் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, பாத்ரூமில். அஸ்வத்தின் புரோகிராம் செய்ய வேண்டியதை நேற்றிலிருந்து அவள் கட்டை விரல் செய்துகொண்டிருக்கிறது.

மறுபடி உறுமல். நாற்பத்தொன்று. நம்பரின் கடைசியில் நாற்பத்தொன்று வருவதால் அந்த ஆளுக்கு அவள் வைத்த பெயர் அது. மற்றவர்கள் எல்லாம் நல்லவர்கள், காலையில் போடுகிறார்கள், பாய்ந்ததும் நிறுத்துகிறார்கள், அவர்கள் கிணற்றில் தண்ணீர் கிடக்கிறது. இந்த நாற்பத்தொன்று போடும், கொஞ்ச நேரத்தில் தண்ணீர் இல்லை என்று வரும், இவள் சைபர் அனுப்புவாள், நிற்கும், உடனே அந்த ஆள் மறுபடி போடுவார். எதற்கு நிற்கிறது என்று அவருக்குத் தெரியாதே, செய்தி இவளுக்கல்லவா வருகிறது. தன் சொந்த மோட்டாருக்கே அவர் இரண்டாம் ஆள். முகம் தெரியாத ஒரு ஆளோடு மல்லுக்கட்டு, அவர் போட இவள் நிறுத்த, அவர் போட இவள் நிறுத்த, விட்டுத்தொலை ஐயா, இன்னும் கொஞ்சம் ஊறட்டும், நேற்றே ஊறவில்லை, இன்றைக்கு எப்படி ஊறும். மோட்டார் ஓடுகிறது. கட்டை விரல் தயாராக இருந்தது. தண்ணீர் இல்லாமல் ஓடி மோட்டார் எரிந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பாவுக்குத் தாராபுரத்தில் காயில் கட்டுகிற கடை, எரிந்த மோட்டார் எல்லாம் அங்கேதான் வரும். பள்ளிக்கூடப் பையோடு கடைக்குள் நுழையும்போது மூக்கில் அடிக்கும் அந்த வாசனை, கருகின வார்னிஷும் செம்பும் சேர்ந்து, தலைமுடிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், ஞாயிற்றுக்கிழமை சீயக்காய் போட்டால்தான் போகும். மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கினவர்கள் வாசலில் கிடக்கிற பழைய டயரில் உட்காருவார்கள். யாரும் பேசமாட்டார்கள். அப்பா உளியால் கருகின காயிலை வெட்டி வெட்டி எடுப்பதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வெயில் காலத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து குவியும், அவர்கள் முறை வருவதற்குள் தோட்டத்தில் தக்காளியோ கத்திரியோ தலையைத் தொங்கப் போட்டிருக்கும். அந்த எரிந்த மோட்டார்களில்தான் அவள் படித்தாள், அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கம்பெனியில் கிடைத்திருக்கிறது என்று சொன்னபோது அப்பா சிரித்துவிட்டார், எம் பொழப்புல மண்ணள்ளிப் போடறவங்ககிட்டயே போய்ச் சேந்துட்டியா சாமி என்றார். இப்போது தெரிந்தால் என்ன சொல்வார். திட்டமாட்டார். நாலு மோட்டார் அனுப்பி வெச்சிருக்கா எம் புள்ள என்று கடையில் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார், அதுதான் திட்டுவதைவிட மோசம். உறுமல். தண்ணீர் இல்லை. சைபர். நின்றது. ரோஸ்லின் அக்கா அவள் முழங்காலைத் தட்டி, என்ன ஆட்டிக்கிட்டே இருக்கே, பயமா என்று ரகசியமாகக் கேட்டார். காலை ஆட்டிக்கொண்டிருந்தது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. ஆமாங்க்கா என்றாள். அது ஒன்றுதான் நேற்றிலிருந்து அவள் சொன்ன உண்மை.

சாரின் போன் அடித்தது. அடித்ததும் சார் கையைத் தூக்கினார், அஸ்வத் நிறுத்திவிட்டான். கஸ்டமர் கூப்பிட்டால் மீட்டிங் நிற்கும், போன் மேசை நடுவில் வரும், ஸ்பீக்கரில் போடுவார், எல்லாரும் கேட்க வேண்டும். நம்ம பொருளத் திட்டறவன் குரல் நம்ம காதுல விழோணும் என்பார். யாருடைய வேலையில் கோளாறோ அவரே பதில் சொல்ல வேண்டும், சார் நடுவில் வரமாட்டார், இதுதான் இந்த வீட்டுச் சட்டம். ஸ்பீக்கரில் காற்று இரைந்தது, அதற்குள்ளிருந்து ஒரு குரல், வெயிலில் நின்று கத்துகிற குரல், பெட்டி மாட்டி ரெண்டு நாளாகலீங்க, மோட்டாரப் போட்டா நின்னு போகுது, போட்டா நின்னு போகுது, என்ன பொட்டிங்க இது. நாற்பத்தொன்றுதான் இது. இப்படித்தான் பேசுவார் என்று அவள் நினைக்கவே இல்லை. நாற்பத்தொன்று ஒரு முரட்டு ஆளாக இருப்பார் என்று நினைத்திருந்தாள், மீசையெல்லாம் வைத்திருந்தாள் மனசுக்குள், இது அழுகிற மாதிரி ஒரு மெலிந்த குரல். நேத்துல இருந்து ஒரு பாத்திகூட நனையலீங்க, வெங்காயம் வெச்சிருக்கறனுங்க. சார் அஸ்வத்தைப் பார்த்தார். மோட்டாரை நிறுத்துகிற வேலை அஸ்வத்துடையது, வேறு யாரைப் பார்ப்பார். அஸ்வத் ரிமோட்டை மேசையில் வைத்தான், கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான், நெற்றியைச் சுருக்கித் தன் புரோகிராமை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது அப்படியே முகத்தில் தெரிந்தது. ஓட்டிப் பார்த்தவன் அங்கே ஒரு தப்பைக் கண்டும் பிடித்துவிட்டான். அதுதான் அநியாயம். "நாந்தான் சார்," என்றான். "ஆம்ப்ஸ் லிமிட்டக் கொஞ்சம் அதிகமா வெச்சுட்டேன். தண்ணி இருந்தாலும் இல்லைன்னு நெனச்சு நிறுத்திருது. என் மிஸ்டேக்தான்." ஆக்சுவலா என்ற சொல்கூட வரவில்லை. லூசு, உன் புரோகிராம் அந்தப் பெட்டியில் தூங்குகிறதடா, உனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையடா. வாய்க்குள்ளேயே சொன்னாள். சார் திட்டவில்லை. சரி என்றார், பார்வையை எடுத்துக்கொண்டார், கையிலிருந்த பேனாவை மூடினார். அந்தப் பேனா மூடின விதத்தில் இடம் யாருக்கென்று முடிவாகிவிட்டது, அறையில் எல்லாருக்கும் தெரிந்தது, அஸ்வத்துக்கும் தெரிந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, ஒரு நிமிஷம் நெஞ்சுக்குள் ஜில்லென்று ஒரு சந்தோஷம் வந்தது நிஜம், அஸ்வத் பக்கம் மட்டும் அவள் பார்க்கவில்லை.

சார் போன் பக்கம் குனிந்து, ஐயா, நாங்க எல்லாரும் லைன்லதான் இருக்கறோம், இன்னொருக்காப் போடுங்க பாக்கலாம் என்றார். ஸ்பீக்கரில் ஸ்டார்ட்டர் பட்டன் டக்கென்று அமுங்கியது. துப்பட்டாவுக்குள் உறுமியது. மோட்டார் ஓடுகிறது. போட்டுட்டனுங்க என்றது ஸ்பீக்கர், தூரத்தில் நிஜமாகவே மோட்டார் சத்தம் கேட்டது, இத்தனை செய்தி வாங்கியும் அந்தச் சத்தத்தை அவள் இப்போதுதான் முதல் தடவை கேட்கிறாள், ஒரு சீரான இரைச்சல், அதில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று காதை வைத்துச் சொல்ல முடியவில்லை. எல்லாரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓடியது. ஓடியது. உறுமல். தண்ணீர் இல்லை. "இப்ப நிக்கலீங்க," என்றார் அந்த ஆள், குரலே மாறிவிட்டது, "ஓடிட்டே இருக்குதுங்க." சார் சிரித்தார். ரோஸ்லின் அக்கா மூச்சு விட்டார். பயப்பட ஒண்ணுமில்ல, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் என்று சார் அஸ்வத்திடம் சொன்னார், சொன்ன தொனியில் மன்னிப்பு இருந்தது, இடம் இல்லை. விட்டுவிடலாம். அவ்வளவுதான், கட்டை விரலைச் சும்மா வைத்திருந்தால் போதும். உடனே எரியாது. முதலில் சூடாகும், அப்புறம் வாசனை வரும், அப்புறம்தான். எரிந்தாலும் யாருக்குத் தெரியும், மோட்டார் எரிய ஆயிரம் காரணம், வோல்டேஜ் பத்தலீங்க என்று அப்பா ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் சொல்கிறார், கேட்டுக்கொண்டு போகிறார்கள். இவரும் கேட்டுக்கொள்வார். ஏதாவது ஒரு கடை வாசலில், ஏதாவது ஒரு டயரில் உட்காருவார். மீசை இல்லாத மெலிந்த ஆள். ஓடிட்டே இருக்குதுங்க என்று இன்னொரு தடவை சொன்னார், யாரும் கேட்காமலே, சந்தோஷத்தில். அவள் துப்பட்டாவை விலக்கிப் போனை மேசைமேல் வைத்து, எல்லாரும் பார்க்கத்தான், சைபரைத் தட்டி அனுப்பினாள். ஸ்பீக்கரில் அந்த இரைச்சல் இறங்கி, இறங்கி, இல்லாமல் போனது. காற்று மட்டும் இருந்தது. நின்னு போச்சுங்க என்றது குரல். எல்லாத் தலையும் அஸ்வத் பக்கம் திரும்பியது. "நாந்தான் நிறுத்துனேன்," என்றாள் மோகனப்பிரியா. யாருக்கும் புரியவில்லை, அதற்குள் அவள் சாரின் போன் பக்கம் குனிந்துவிட்டாள், சாரைக் கேட்கவில்லை. "ஐயா, கெணத்துல தண்ணி இல்லீங்க. மறுபடி போட்றாதீங்க. போய் எட்டிப் பாருங்க." நீ ஆரு கண்ணு என்று கேட்டார். இங்க பழக வந்த புள்ளைங்க என்றாள். செருப்புச் சத்தம் தள்ளித் தள்ளிப் போனது. அறையில் எல்லாரும் அந்தச் செருப்புச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு மூச்சிரைக்க வந்தார், குழாய் அடியில இருக்கற புட்வால்வு வெளிய தொங்குதுங்க, சேறுதான் கெடக்குது என்றார். சார் அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார். ரோஸ்லின் அக்காவுக்குத்தான் முதலில் புரிந்தது. "மோனி, எந்த ஃபைல ஏத்துனே?" சொன்னாள். தன் டெஸ்ட் ஃபைலின் பெயரைச் சொல்லும்போது வெட்கமாக இருந்தது, ஃபைனல் லாஸ்ட். அந்த லோடு எல்லாத்துலயுமா என்றார் சார், குரல் உயரவில்லை. எல்லாத்துலயும் சார், நேத்துக் காலைல இருந்தே தெரியும் சார். இரண்டாவதை அவர் கேட்கவே இல்லை, அவளாகத்தான் சொன்னாள். சார் மூடின பேனாவைத் திறக்கவும் இல்லை, வைக்கவும் இல்லை. இடம் போனது என்று அவளுக்குத் தெரிந்தது, அஸ்வத்துக்காவது கிடைக்குமா என்பது தெரியவில்லை. அவன் சுவரோரம் நின்று, முகத்தில் பாதி புரொஜெக்டர் வெளிச்சத்தோடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான், நன்றியா ஆத்திரமா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு பார்வை, ஆத்திரம்தான் கூட இருந்த மாதிரி இருந்தது. போனை இப்படிக் குடு என்று சார் கையை நீட்டினார். மேசை அதிர்ந்தது. இன்னொரு நம்பர். கொடுக்காமல் அவள் அதை எடுத்துப் பார்த்தாள். மோட்டார் ஓடுகிறது, அந்த நல்லவர்களில் ஒருவர்.

"இருங்க சார்," என்றாள். "இதுல தண்ணி இருக்கு. ஓடட்டும்."